இடம் எழுதாத தாள்

முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். அத்தனை வருடமும் மாணவர்களை நான் அதிகம் திட்டியது ஒரே காரணத்துக்காகத்தான்: உலர்தாவரத் தாளில் இடம் எழுதாமல் கொண்டுவருவார்கள். செடியை அழகாக அழுத்திக் காயவைத்து, நூலால் தைத்து, குடும்பம், பேரினம், சிற்றினம் எல்லாம் மணிமணியாக எழுதியிருப்பார்கள். 'சேகரித்த இடம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும், இல்லையென்றால் 'பாபநாசம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். பாபநாசத்தில் எங்கே? கோயில் படித்துறையிலா, அணைக்குப் போகும் சாலையோரத்திலா, வேலிக்கு உள்ளேயா, வெளியேயா? ஒருமுறை ஒரு பையன் முடக்கத்தான் கொடியை ஒட்டி, 'வீட்டுக்குப் பின்னால்' என்று எழுதியிருந்தான். யார் வீட்டுக்குப் பின்னால் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, நான் சிரிக்கவில்லை. இடம் எழுதாத தாள் வெறும் காய்ந்த இலை, எருக்குழியில் போடு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் இப்போது வனத்துறையில் நல்ல பதவியில் இருக்கிறான். என்னை எங்கே பார்த்தாலும் 'யார் வீட்டுக்குப் பின்னால் சார்?' என்று கேட்டுத்தான் வணக்கம் சொல்வான்.

அப்படிப்பட்ட நான் சென்ற வருடம் சிங்கப்பூரில் ஒரு மேசைக்கு முன்னால் நின்று ஒரு காரியம் செய்தேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குள் தீர்மானமாகவில்லை. மூன்று மாதமாக இதை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, 'அப்பாவுக்குப் பொழுது போகவேண்டுமே' என்று ஒரு மலர்க் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்கித் தந்தாள். விற்பனைக் கூடத்தில் தைவானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் செருப்பு ஆர்க்கிட் மட்டும் கடை பரப்பியிருந்தார். மேசையின் நடுவில், பட்டுத்துணி விரித்த பீடத்தின் மேல் ஒரு பெரிய தொட்டி. முழ நீளத்துக்கு மேல் பச்சை இலைகள். அவற்றுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்த ஒரு கருஞ்சிவப்புத் தண்டில் நான்கு பூக்கள். மேல் இதழில் தந்த நிறத்தின் மீது அரக்கு நிறக் கோடுகள், வேட்டிக் கரைபோல் ஒன்றுக்கு ஒன்று இணையாக ஓடின. பக்கத்து இதழ்கள் இரண்டும் கீழே தொங்காமல் இருபுறமும் கை நீட்டியதுபோல் விறைப்பாக நீண்டு, புள்ளிபுள்ளியாக, ஓரத்தில் மயிர்க்கால்களோடு இருந்தன. பெயர்ச்சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பாபியோபெடிலம் ரோத்சைல்டியானம். உலகத்தில் போர்னியோ தீவின் கினபாலு மலையைச் சுற்றித் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத செடி. அதைச் சுற்றி ஒரு கூட்டம் செல்போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தது.

மேசையின் ஓரத்தில், பணப்பெட்டிக்கு அருகில், ஒரு சின்னத் தொட்டி இருந்தது. ஒரே தண்டு, ஒரே பூ, என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் நிறம், லேசாகப் பச்சை ஓடிய மஞ்சள். மேல் இதழின் நடுவில் யாரோ தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்ததுபோல் ஒரு கரும்பழுப்புப் பட்டை. பக்கத்து இதழ்கள் இரண்டிலும் அதே பட்டை. அடியில் தேன் நிறத்தில் செருப்பின் முன்பகுதி போன்ற பை. இந்தச் செடியின் கிழங்குத் தண்டு நீளமாக ஊர்ந்து போகும் வகையானதால் அடுத்த முளை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்ச்சீட்டில் பாபியோபெடிலம் ட்ரூரியை என்று எழுதி, அதன் கீழே 'இந்தியா' என்று போட்டிருந்தார்கள். அகத்தியமலை. அம்பாசமுத்திரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே தெரிகிற மலைத்தொடர். அதன் அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்து, பாடம் நடத்தி, ஓய்வும் பெற்ற நான், உயிரோடு இந்தப் பூவை முதன்முதலாகப் பார்ப்பது சிங்கப்பூரில், குளிர்பதனம் செய்த ஒரு கூடத்தில், விலைச்சீட்டோடு. தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த அம்மாள் விலை கேட்க வந்தவன் என்று நினைத்துக் கணிப்பானைக் கையில் எடுத்தார்.

செருப்பு என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாபியோபெடிலம் என்றால் பாபோஸ் நகரத்துக் காதல் தெய்வத்தின் பாதரட்சை என்று பொருள். நம் பக்கத்தில் 'செருப்பு ஆர்க்கிட்' என்று எழுதினால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு சிறப்பிதழுக்கு எழுதிய குறிப்பில் 'பாதுகை' என்று மாற்றச் சொன்னார் ஒரு பத்திரிகை நண்பர். பரதன் தலையில் வைத்தது பாதுகை, வாசலில் கழற்றிப் போடுவது செருப்பு. பொருள் ஒன்றுதான், மரியாதை வேறு. இந்த இரண்டு செடிகளின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

நியூ கினியா என்று ஒரு பொய்

ரோத்சைல்டியானம் 1887-இல் இங்கிலாந்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்து ஆர்க்கிட் வணிகர் பிரெடரிக் சாண்டர். மறு வருடம் ஜெர்மன் தாவரவியலாளர் ரைஹன்பாக் அதை விவரித்து, ஆர்க்கிட் பித்துப் பிடித்த ஒரு ரோத்சைல்ட் பிரபுவின் பெயரைச் சூட்டினார். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சாண்டர் தரப்பு சொன்ன பதில், நியூ கினியா. போட்டி வணிகர்கள் ஆள் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது என்பார்கள். செடி வந்ததோ போர்னியோவிலிருந்து. காட்டில் அது மீண்டும் விஞ்ஞானிகள் கண்ணில் பட்டது 1959-இல்தான். இடைப்பட்ட எழுபது வருடமும் கண்ணாடி வீடுகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்த செடிக்கு, காட்டில் உறுதியான முகவரி கிடையாது. உலர்தாவரத் தாளின் பாஷையில் சொன்னால், இடம் தப்பாக எழுதிய தாள். அதை நான் திருத்தியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

ட்ரூரியின் கதை நேர்மையானது. கர்னல் ஹீபர் ட்ரூரி 1865-இல் திருவிதாங்கூர் மலையில் அதைக் கண்டார். சென்னை மாகாணக் காட்டிலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்த பெடோம் 1874-இல் அதை விவரித்து, கண்டவர் பெயரையே வைத்தார். எந்த மலை என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. பிறகு செடி காணாமல் போய், அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டது. 1972-இல் மறுபடி கண்டெடுத்தார்கள், செய்தியும் பரவியது. அடுத்த சில வருடங்களில் சேகரிப்பவர்கள் மலையேறி வழித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த 1972-இல்தான் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது என்பது எனக்குப் பெரிய கசப்பு. புலிக்கும் மானுக்கும் சட்டம் வந்தது, செடிக்கு வரவில்லை. 1991-இல் திருத்தம் கொண்டுவந்து ஆறே ஆறு செடிப் பதிவுகளைச் சேர்த்தார்கள். அதில் செருப்பு ஆர்க்கிட்டுகள் ஒன்று, பெடோம் பெயர் தாங்கிய சைகஸ் இன்னொன்று. பத்தொன்பது வருடத் தாமதம். தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்துக்கு இருப்பதே ட்ரூரி ஒன்றுதான். இந்தியாவிலுள்ள மற்ற உறவுகள் எல்லாம் வடகிழக்கில் இருக்கின்றன. அங்கிருந்து எப்படிப் பிரிந்து இங்கே தனியாக வந்து நின்றதோ!

இன்றைக்கு இரண்டுமே அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஒரே படியில், மிக அருகிய இனம் என்ற படியில், இருக்கின்றன. 1990 முதல் பேரினம் முழுவதற்குமே அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இடம் உண்டு. காட்டிலிருந்து எடுத்ததை எல்லை தாண்டி விற்கக் கூடாது. காகிதத்தில் சமம் அவ்வளவுதான். ரோத்சைல்டியானம் ராஜா வீட்டுப் பிள்ளை. விதைத்துப் பூ பார்க்கப் பத்து, பதினைந்து வருடம் ஆனாலும் காத்திருந்து வளர்க்க ஆளிருக்கிறது. அதைப் பெற்றோராக வைத்து ஒட்டுமொத்தக் கலப்பினப் பரம்பரையே உண்டு. கினபாலு இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்தில் அதற்குச் செல்லப்பெயர் 'கினபாலுவின் தங்கம்'. கை நீட்டிய இதழ்களைப் பார்த்து, கடசான் மக்களின் சுமாசாவ் நடனத்தின் பெயராலும் அழைக்கிறார்கள். 1964-இல் கினபாலு பூங்கா வந்தது, 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலும் வந்தது. நிக்கலும் குரோமியமும் மண்டிய, மற்ற செடிகள் தலைவைத்துப் படுக்காத நஞ்சு மண்ணில் அது பிழைக்கிறது. ஆனால் காவலும் புகழும் அங்கே ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. தங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் திருடனுக்கு வேறு விளம்பரம் எதற்கு? ட்ரூரிக்கு அந்தத் தொல்லை இப்போது குறைவு. பெரிய பூ வேண்டும் என்கிறவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேரளத்துப் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்து ஆராய்ச்சியாளர்கள் குடுவையில் விதை முளைக்கவைத்து நாற்று வளர்த்தார்கள். மற்றபடி, அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் நூறு பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

ஓடைக்கரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போதெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தே அகத்தியமலைக்குப் போகலாம். காரையாறு அணையில் படகேறி, பாணதீர்த்தத்தில் இறங்கி, இஞ்சிக்குழி வழியாக நடப்பது. நானும் உடன் வேலை பார்த்த இருவரும் போனோம். வழிகாட்டியாக வந்தவர் அந்த மலையின் பழங்குடியைச் சேர்ந்த ஒரு காணிக்காரர், எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். முதல் ஏற்றத்தில் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே ஏதோ முதுகில் குத்துகிறது என்று இறக்கி வைத்துத் திறந்து பார்த்தார். அழுத்துப்பலகை, ஒரு கட்டுப் பழைய தினசரிகள், கைக்குள் அடங்கும் ஒரு தோண்டுகோல். 'இந்த இரும்பு எதுக்கு வாத்தியாரையா?' என்று கேட்டார். செடியை வேரோடு எடுக்க என்றேன். ஒன்றும் சொல்லாமல் பையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் உயரத்தில், சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், நான் புத்தகத்திலிருந்து பிரதியெடுத்து வைத்திருந்த கோட்டோவியத்தை அவரிடம் காட்டினேன். தாளை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். நகத்தால் அந்தப் பையின் வளைவை ஒருமுறை தடவினார். பிறகு கீழே கைகாட்டினார். 'அந்த ஓடைக்கரையில் பாருங்கள். பெரிய மரத்தடியில், நிழலில் இருக்கும்.' எனக்கு ஒரே சந்தோஷம். செருப்பு ஆர்க்கிட்டுகள் காட்டுத் தரையில், இலைமக்கில், நிழலில் வளரும் என்றுதான் நானும் படித்திருந்தேன். இரண்டு மணி நேரம் அந்த ஓடைக்கரையில் குனிந்தபடி தேடினோம். உப்புப் பொட்டலம் தீர்ந்துபோய், புகையிலையும் தீர்ந்துபோய், அட்டைகள் காலுறைக்குள் புகுந்து குடித்துவிட்டு உருண்டையாக விழுந்தன. பூவும் இல்லை, இலையும் இல்லை. மேலேறி வந்தபோது அண்ணாச்சி ஒரு பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெயிலில் மஞ்சளாகக் காய்ந்த புல்சரிவு, பாறைகளுக்கு நடுவே மேலே ஏறிப்போனது. 'இந்த வருஷம் மழை சரியில்லை' என்று ஆறுதல் சொன்னார். என் கணுக்காலில் ஒட்டியிருந்த கடைசி அட்டையை வெற்றிலைச் சாற்றைத் தொட்டு வைத்து எடுத்துவிட்டதும் அவர்தான். ஊருக்கு வந்து கல்லூரி இதழில் அந்தப் பயணத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன், 'பருவமழை பொய்த்ததால் காண இயலவில்லை' என்று.

சிங்கப்பூர் கண்காட்சியில் அந்தத் தைவான் அம்மாள் கணிப்பானைக் கீழே வைத்துவிட்டு, நான் வாங்கமாட்டேன் என்று தெரிந்தும், பொறுமையாகச் சொன்னார்: 'இதை மற்ற செருப்பு ஆர்க்கிட்டுகள் மாதிரி நிழலில் வைத்தால் பூக்காது. நல்ல வெளிச்சம் வேண்டும். குளிர்காலத்தில் காயப்போட வேண்டும். மலையுச்சியில், வெட்டவெளியில், புல்லோடு புல்லாக இருக்கிற செடி இது.'

பெருங்கூட்டத்தின் நடுவில், முப்பது வருடத்துக்கு முன் முடிந்துபோன ஒரு பயணம் என் முகத்தில் வந்து அறைந்தது. அந்தப் பாறை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த புல்சரிவு. இரண்டு மணி நேரமும் அவர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. என்னை ஏமாற்ற அவர் பெரிய கதை எதையும் கட்டவில்லை. நான் எங்கே தேட ஆசைப்பட்டேனோ அங்கேயே போகச் சொன்னார், அவ்வளவுதான். முதலில் வந்தது கோபம். ஒரு தாவரவியல் ஆசிரியனை நிழலுக்கு அனுப்பிவிட்டாரே! அடுத்து வந்தது தோண்டுகோலின் ஞாபகம். அன்று அந்தச் சரிவில் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கல்லூரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஒருவேளை தொட்டியில் வளர்க்க இன்னொன்று. நீளக் கிழங்கு என்பதால் ஒன்றை இழுத்தால் பக்கத்து முளையும் சேர்ந்து வந்திருக்கும். 1991 திருத்தம் அப்போதே அமலில் இருந்தது. எனக்கு அது தெரியாது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். சட்டம் தெரியாத வாத்தியாரிடமிருந்து செடியைக் காத்தவர், சட்டப் புத்தகம் எதையும் பார்த்திராத ஒரு மனிதர். தாள்களில் தேதியும் கடல்மட்ட உயரமும் சரியாக எழுதி, சேகரித்தவர் பெயரில் என் பெயரைப் போட்டிருப்பேன்.

ஆனாலும் எனக்குள் இருக்கும் பழைய ஆசிரியர் சும்மா இருப்பதில்லை. மறைப்பது மட்டும்தான் வழியா என்கிறார். இதே மலையின் கேரளப் பக்கத்தில் 1987-இல் காணிக்காரர்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைக் காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து மருந்து வந்தது. மருந்துக்கான உரிமத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி அவர்களுக்கு என்று ஏற்பாடும் ஆனது, உலகமே அதை முன்னுதாரணமாகப் பேசியது. உண்மையைச் சொன்னதால் வந்த நன்மை அது. பேர் பரவியதும் வெளியாட்கள் காட்டுக்குள் புகுந்து அந்தச் செடியை மூட்டையாகக் கடத்தியதும் அதே உண்மையால்தான். வியட்நாமில் 1999-இல் புதிதாக விவரிக்கப்பட்ட ஒரு செருப்பு ஆர்க்கிட், நான்கைந்து வருடத்துக்குள் காட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. 'வெளியிடாதீர்கள்' என்று தலைப்பிட்டு விஞ்ஞானிகளே 2017-இல் சயின்ஸ் இதழில் எழுதும் நிலை வந்துவிட்டது. இப்போது பொய் சொல்லும் வேலையைக் கணினியே எடுத்துக்கொண்டிருக்கிறது. செடி, விலங்குகளைப் பார்த்த இடத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அருகிவரும் செடியின் படத்தை ஏற்றினால், அது புள்ளியை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்காவது தூக்கிப் போட்டுவிடுகிறது. நம் மலையில் இருபது கிலோமீட்டர் என்றால் தமிழ்நாட்டில் பூத்தது கேரளத்தில் போய் விழும். சாண்டர் லாபத்துக்குச் செய்ததை, அண்ணாச்சி வெற்றிலை மென்றபடி செய்ததை, இந்த நிரல் சலனமில்லாமல் செய்கிறது. சாண்டரின் பொய்தான் ரோத்சைல்டியானத்தை எழுபது வருடம் காத்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் கினபாலுவின் காடும் சரிவும் செய்த காவலை ஒரு வணிகருக்கு வரவு வைக்க மனம் வரவில்லை.

அந்தப் பூக்களே பொய்யில் பிழைக்கிறவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரோத்சைல்டியானத்தில் தேன் கிடையாது. பூவின் நடுவில் மயிர் முளைத்த ஒரு தகடு இருக்கிறது. குளவிபோல் மஞ்சளும் கறுப்புமாகத் திரியும் ஒரு வகை ஈ அதை அசுவினிக் கூட்டம் என்று நம்பி, தன் குஞ்சுகளுக்கு இரை கிடைத்துவிட்டது என்று அங்கே முட்டையிடுகிறது. இடும்போது சறுக்கிப் பைக்குள் விழுகிறது. வெளியேற ஒரே வழி பின்பக்கம், அங்கே மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. இதை முப்பத்தோரு வருடமும் 'தகவமைப்பு' என்ற தலைப்பில் நடத்தினேன். ஏமாற்று என்ற சொல்லை ஒருநாளும் கரும்பலகையில் எழுதவில்லை.

நான் கிளம்பத் திரும்பியபோது அந்த அம்மாள், 'உங்கள் ஊர்ப் பூ என்றீர்களே' என்று செல்போனில் வரைபடத்தைத் திறந்து நீட்டினார். பெயர்ச்சீட்டில் இந்தியா என்று மட்டும் இருப்பது வாடிக்கையாளர்களுக்குப் போதவில்லையாம், சரியாக எந்த இடம் என்று கேட்கிறார்களாம். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் வகுப்பில் நான் கேட்ட அதே கேள்வி. இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். காரையாறு நீலமாக வந்தது, அதற்கு மேலே பச்சை, அதற்கும் மேலே பச்சை வெளிறிப் பழுப்பாகும் சரிவு. செடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அது சத்தியமான உண்மையும்கூட. நான் விரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, அடர்ந்த பச்சைக்குள், அட்டை கடித்த அந்த ஓடைக்கரையில் வைத்தேன்.

அவர் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி குத்தி வைத்துக்கொண்டார். பிறகு திரையை ஒருமுறை, தொட்டியை ஒருமுறை பார்த்தார்.

'இங்கே வெயில் விழுமா?'

'நன்றாக விழும்' என்றேன்.